டி.சி. இப்போது வேண்டாம்

அன்புள்ள கலைக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல் நீயே உட்கார்ந்து படி.

யாழினியை அந்த நவோதயா விடுதிப் பள்ளியிலிருந்து நிறுத்த நீ டி.சி. வாங்கப் போவதாக உன் நாத்தனார் சொன்னாள். அவள் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நான் எடுத்துக்கொள்வேன், உனக்கே தெரியும். ஆனாலும் மீதிப் பாதி என்னைத் தூங்க விடவில்லை. நவோதயா ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வை ஒரு பிள்ளை ஒரு தடவைதான் எழுத முடியும். இப்போது வெளியே கூட்டி வந்துவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்பதிலும் பதினொன்றிலும் காலியிடம் இருந்தால் தனித் தேர்வு வைத்து எடுப்பார்கள், அதோடு சரி. தமிழ்நாட்டில் இந்தப் பள்ளி ஒன்றுகூடக் கிடையாது. நீ காரைக்கால் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனதால் பிள்ளைக்குக் கிடைத்த இடம் இது. 2 மணி நேரத்தில் 80 கேள்வி, அதில் பாதி வெறும் படமும் உருவமும். யாருடைய சிபாரிசும் இல்லாமல் அவளே எழுதி வாங்கினாள். உன் அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

"பொம்பளப் பிள்ளையைக் காசு மிச்சம் பண்ண ஹாஸ்டல்ல தள்ளிட்டாங்க" என்று பேசுகிறவர்களுக்கெல்லாம் நீ பதில் சொல்லிக்கொண்டிருக்காதே. எட்டாம் வகுப்பு வரை எல்லாருக்கும் இலவசம், அதற்கு மேலும் பெண் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. அது அரசாங்கம் கொடுப்பது. அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

ஆயுத பூஜை விடுமுறை வரை பொறு. அதற்குப் பிறகு நீயும் மாப்பிள்ளையும் அவளும் உட்கார்ந்து பேசி என்ன முடிவெடுத்தாலும் நான் குறுக்கே வரமாட்டேன்.

அழுகிறாள், அழுகிறாள் என்கிறாயே, எப்போது அழுகிறாள் என்று கவனித்தாயா? விடுதியில் பிள்ளைகள் அழுவது பெரும்பாலும் இரண்டு நேரத்தில். ஒன்று, சாயங்காலம் விளையாட்டு முடிந்து படிப்பு மணி அடிப்பதற்கு முன்னால் கிடைக்கிற வெறும் நேரம். இன்னொன்று, ராத்திரி விளக்கை அணைத்த பிறகு. நீ கூப்பிடுவது சரியாக அந்தச் சாயங்காலத்தில். அம்மா குரலைக் கேட்டதும் அழாமல் என்ன செய்வாள்? போனை வைத்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு படிக்கப் போய்விடுவாள். அந்த அழுகையை ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நீ. ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் கூப்பிடு. வாரம் ஒரு தடவை, பத்து நிமிஷத்துக்குள். நடுவில் விடுதியைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ் மிஸ்ட்ரஸுக்குப் போன் போட்டு "கொஞ்சம் குடுங்க மேடம்" என்று கெஞ்சாதே. மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்கள், அவளுக்குத்தான் அவமானம்.

"சாப்பிட்டியா, நல்லா இருக்கியா" என்று கேட்டால் "ம்" என்றுதான் வரும். பக்கத்துக் கட்டில் பிள்ளை பெயர் என்ன, நேற்று ராத்திரி என்ன குழம்பு, பி.டி.யில் எத்தனை சுற்று ஓடவிட்டார்கள், நீலகிரி ஹவுஸ் கபடியில் யாரிடம் தோற்றது என்று கேள். பேச்சு தானாக வரும். "நீ இல்லாம வீடே வெறிச்சுனு கிடக்கு", "தம்பி உன்னக் கேட்டு அழறான்", "பிடிக்கலன்னா சொல்லு, வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்பதெல்லாம் உன் வாயில் வரவே கூடாது. கடைசியில் சொன்னதுதான் ரொம்ப மோசம். எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம் என்று தெரிந்த பிள்ளை பெட்டியைப் பிரித்துத் துணியை அடுக்கவே அடுக்காது.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். முதல் வாரத்தைவிட மூன்றாவது வாரம் கஷ்டமாக இருக்கும். புதுசு என்ற வேடிக்கை தீர்ந்துபோயிருக்கும். பெற்றோர் சந்திப்பு முடிந்த ராத்திரி அதைவிடக் கஷ்டம். விடுமுறை முடிந்து திரும்புகிற நாள்தான் எல்லாவற்றிலும் மோசம், வயிறு வலிக்கிறது என்பாள். இதெல்லாம் வந்து போகிற சுரம் மாதிரி. வந்தவுடனே டி.சி. என்று ஓடாதே.

சந்திப்புக்குப் போகும்போது அவளுக்கு மட்டும் என்று பொட்டலம் கட்டாதே. சுற்றியிருக்கிற நாலைந்து கட்டிலுக்கும் வருகிற அளவு கடலை உருண்டை, முறுக்கு, பொரிவிளங்காய் போதும். தேங்காய் போட்டதும் பால் போட்டதும் வேண்டாம். ஊசிப்போகும், இல்லாவிட்டால் பெட்டியில் எறும்பு ஏறும். துணியில் மார்க்கர் பேனாவால் எண் எழுதியிருக்கிறாய், அது சலவையில் போய்விடும். உள்பக்கம் சிவப்பு நூலில் தைத்துக் கொடு. பெட்டிச் சாவி ஒன்று அவள் கழுத்துக் கயிற்றில், இன்னொன்று ஹவுஸ் மிஸ்ட்ரஸிடம். இரண்டு சாவியையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு நிற்கிற கூத்து எல்லா விடுதியிலும் வருஷா வருஷம் நடக்கும்.

ஐப்பசி பிறந்தால் அங்கே துணி காயாது. ஈர உள்ளாடையைப் போட்டுக்கொண்டு ஓடினால் தொடையிடுக்கில் படர்தாமரை வரும். உள்ளாடை 8 வேண்டும், எல்லாம் பருத்தி. கட்டிலோரம் கட்ட ஒரு நைலான் கயிறும் ஒரு டஜன் கிளிப்பும் கொடு. வந்துவிட்டால் மருந்துக்கடைக்காரர் கொடுக்கிற ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதே. இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும், பிறகு முன்னைவிடப் பரவும். டாக்டரிடம் காட்டி வெறும் பூஞ்சை மருந்தாகக் கேட்டு வாங்கு. ராத்திரியில் விரலிடுக்கு அரித்தால் அது சிரங்கு, வேறு மருந்து. 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால் வரை பூசி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. லீவில் வரும்போது இருந்தால் வீட்டில் நாலு பேரும் ஒரே நாளில் பூசிக்கொள்ளுங்கள். அவளுக்கு மட்டும் பூசினால் சுற்றிச் சுற்றி வரும்.

பேன் வராமல் இருக்காது. அதற்காக முடியை வெட்டிவிடுகிறேன் என்று பயமுறுத்தாதே. 1 சதவீத பெர்மெத்ரின் லோஷனை 10 நிமிஷம் வைத்துக் கழுவி, ஒன்பதாம் நாள் மறுபடி போட வேண்டும். முதல் தடவை ஈர் எல்லாம் சாவதில்லை, அதனால்தான் இரண்டாவது தடவை. எல்லாரும் கோட்டை விடுவது அங்கேதான். ஈரத் தலையில் எண்ணெய் தொட்டுப் பேன் சீப்பால் மூன்று நாளைக்கு ஒரு முறை, இரண்டு வாரம் வாரச் சொல்.

வயிற்று வலி என்று சொன்னால், "காலையில போனியா" என்று கேள். காலையில் கழிப்பறை வாசலில் வரிசை நிற்கும், பின்னால் நிற்கிறவள் கதவைத் தட்டுவாள், கூச்சத்தில் பிள்ளை அடக்கிக்கொண்டு பி.டி.க்கு ஓடிவிடும். நாலு நாள் இப்படிப் போனால் வயிறு கல்லாகிவிடும். சிறுநீரையும் அடக்கினால் கடுப்பு, காய்ச்சல். மணி அடிப்பதற்குக் கால் மணி முன்னால் எழுந்துகொள்ளச் சொல். எழுந்ததும் ஒரு சொம்பு தண்ணீர், ராத்திரி ஒரு வாழைப்பழம். பாதி வயிற்று வலி இதிலேயே தீரும்.

அந்த விஷயத்தை நீ இன்னும் அவளிடம் பேசவில்லை என்று நினைக்கிறேன். பதினொன்று முடியப் போகிறது, இனிமேல் எந்த மாதமும் ஆகலாம். சின்ன ஜிப் பையில் 6 நாப்கின், கருநீல உள்ளாடை 2, நாலைந்து காகித உறை போட்டுப் பெட்டியின் அடியில் வைக்கச் சொல். எப்படி வைப்பது என்று ஒரு தடவை நீயே காட்டிக் கொடு. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கழிப்பறையில் போடக் கூடாது, உறையில் சுற்றித் தொட்டியில். வகுப்பில் இருக்கும்போது ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதையும் இப்போதே சொல்லி வை: நர்ஸ், மேட்ரன், ஹவுஸ் மிஸ்ட்ரஸ், மூன்று பேரில் யாரைப் பிடித்ததோ அவர். தெரியாத பிள்ளை அடிபட்டுவிட்டது என்று பயந்துபோய் ஒளிந்துகொள்ளும். சேதி வந்ததும் உன் மாமியார் தண்ணீர் ஊற்ற வேண்டும், பத்து நாள் லீவு கேள் என்று நிற்பார்கள். சடங்கு விடுமுறையில் ஆகட்டும் என்று மாப்பிள்ளை வாயால் சொல்ல வை. நீ சொன்னால் சண்டை.

மார்க்கைப் பற்றி இரண்டே வார்த்தை. முதல் டெஸ்டில் இந்தியில் கீழே வந்திருப்பாள், வராவிட்டால்தான் ஆச்சரியம். அந்த வகுப்பில் இருக்கிற எல்லாரும் அவரவர் ஊர்ப் பள்ளியில் முதல் பிள்ளை. அத்தனை முதல் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் ஒருத்தி கடைசியாகத்தான் வர வேண்டும். நமக்கு ஒரு 'க' போதும், இந்தியில் நாலு. அதற்கு மேல் மேசை பெண்பால், வீடு ஆண்பால். வாய்விட்டுப் படிக்காமல் அது ஏறாது. லீவில் டியூஷன் வைக்காதே. தினம் 15 நிமிஷம் இந்திப் பாடத்தை உரக்கப் படிக்கட்டும், உனக்குப் புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேள். கணக்கிலும் அறிவியலிலும் தடுக்குவது பாடம் இல்லை, இங்கிலீஷ். பக்கத்துக்கு ஐந்து புது வார்த்தை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தால் தை மாதத்துக்குள் வாசிப்பு ஓடும். சந்தேகத்துக்குத் தனி நோட்டு. மேற்பார்வைப் படிப்பு நேரத்தில் ஆசிரியர் அங்கேயேதான் இருப்பார், கேட்கத்தான் பிள்ளைகளுக்கு வெட்கம். "எத்தனாவது ராங்க்" என்று கேட்காதே. மாப்பிள்ளையையும் கேட்க விடாதே.

ஒன்பதாம் வகுப்பில் நூற்றுக்கு முப்பது பேரை ஒரு வருஷம் வடக்கே இருக்கிற நவோதயாவுக்கு அனுப்புவார்களாமே என்று மாப்பிள்ளை போன மாதம் கேட்டார். அனுப்புவார்கள். அது மூன்று வருஷம் கழித்து வருகிற பேச்சு.

பொறு, பொறு என்று சொல்கிறேனே, எதற்குப் பொறுக்கக் கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன். பாவாடை இடுப்பில் நிற்காத அளவு இளைத்துப் போவது. புதிதாகப் படுக்கையில் நனைப்பது. உடம்பில் காயம், கேட்டால் மழுப்பல். குளிக்கவே பயப்படுவது. ஒரு குறிப்பிட்ட ஆள் பெயரைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்வது. இதில் ஒன்று தெரிந்தாலும் ஆயுத பூஜையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அன்றைக்கே போய் பிரின்சிபாலைப் பார், எழுத்தில் கொடு, பிள்ளைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் பண்ணு. வீட்டு ஏக்கத்தில் அழுகிற பிள்ளை மாதிரி இருக்காது அது. நேரில் பார்த்தால் உனக்கே தெரியும்.

இனி உன் வீடு. தினமும் சாயங்காலம் நெடுங்காட்டிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு பள்ளி கேட் வரை போய் நின்றுவிட்டு வருகிறாயாமே. சின்னவனுக்கு யார் சோறு போடுகிறார்கள்? அவன் அக்கா இல்லாமல் ஒரு மாதிரியாக இருக்கிறான், அம்மாவும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. அவள் கட்டிலில் துணி மடித்துப் போடு, பூட்டி வைக்காதே. தையல் வகுப்பை ஏன் விட்டாய்?

தைராய்டு மாத்திரை போடுகிறாயா? காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், காபிக்கு அரை மணி முன்னால். இரும்புச் சத்து மாத்திரையை அதோடு சேர்த்துப் போடாதே, 4 மணி நேரம் தள்ளிப் போடு. பகலெல்லாம் தூக்கம், காரணமில்லாமல் அழுகை, எதிலும் கை போகாமல் இருப்பது, இதெல்லாம் பிள்ளை பிரிந்த துக்கத்தால் மட்டும் வருவதில்லை கலை. தைராய்டு மாத்திரையை நிறுத்தினாலும் இப்படித்தான் இருக்கும். அளவு மாற்றி எழுதிக் கொடுத்தார்களே, அதிலிருந்து 6 முதல் 8 வாரத்தில் திரும்ப ரத்தம் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். பார்த்தாயா? மாப்பிள்ளை "அவ எங்க கேக்கறா அத்தை" என்கிறார். அந்த மனுஷனிடம் எரிந்து விழாதே. பிள்ளையை அனுப்பியது அவர் மட்டும் எடுத்த முடிவில்லை, படிவத்தில் உன் கையெழுத்தும் இருக்கிறது. அவரும் ராத்திரி மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறாராம், நாத்தனார் சொன்னாள். இதில் நான் எதையும் கழிக்கவில்லை.

ஞாயிறு காலை மட்டும் கூப்பிடு. டி.சி. பேச்சு ஆயுத பூஜைக்குப் பிறகு. மாத்திரை காலையில் வெறும் வயிற்றில்.

புதன்கிழமை கும்பகோணத்திலிருந்து காலை பஸ்ஸில் புறப்பட்டு வருகிறேன். வியாழன் உன்னைக் கூட்டிக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு, ஒரு வாரம் இருந்து திரும்புவேன். வர வேண்டாம் என்றால் போனை எடுத்து உன் வாயால் சொல்.

அம்மா