நோயாளி மீதும் புகார் கொடுக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, ஆஸ்பத்திரிப் பாதுகாப்பு என்றாலே கேமரா, செக்யூரிட்டி என்றுதான் பேசுகிறோம். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் அடுத்த சில வாரங்களிலேயே அதே மாநிலத்தின் பீர்பூம் மாவட்டத்தில், ட்ரிப்ஸ் ஏற்றப்போன செவிலியரிடம் நோயாளியே தவறாக நடந்துகொண்டதாகப் புகார் எழுந்தது. கட்டிலில் படுத்திருப்பவரை வாசலில் நிற்கும் செக்யூரிட்டி என்ன செய்துவிட முடியும்?

நான் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். ஊசி போடக் குனிந்தால் இடுப்பில் கை படும். கேட்டால், "தெரியாமப் பட்டுடுச்சு சிஸ்டர்" என்பார்கள். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றும்போதும் உடம்பு துடைத்துவிடும்போதும் காது கூசும்படி பேசுவார்கள். நைட் டூட்டி என்றால் இன்னும் மோசம். துணைக்கு இன்னொரு சிஸ்டரை அழைத்துப் போவோம், ஆண் செவிலியர் இருந்தால் அவரிடம் விடுவோம், "கையை எடுங்க" என்று வார்டுக்கே கேட்கும்படி சொல்வோம். பெரும்பாலும் பலித்தது இந்தக் கடைசி வழிதான். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைக்கு அந்தக் குரல் எழும்பாது. மேலே போய்ச் சொன்னால், "நோயாளிதானே, கண்டுக்காதம்மா" என்று முடித்துவிடுவார்கள்.

தலைக்காயத்தாலோ ஜன்னியாலோ மறதிநோயாலோ தன்னிலை மறந்து அப்படி நடப்பவர்களும் உண்டு. அவர்களைக் கோபிக்க முடியாது. மருத்துவரிடம் சொல்லி, இருவராகப் போய்க் கவனிக்க வேண்டும். அதையும் கேஸ் ஷீட்டில் எழுதினால்தானே அடுத்த ஷிப்ட் சிஸ்டர் எச்சரிக்கையாக இருப்பார்? சுயநினைவோடு செய்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பணியிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பெண் ஊழியருக்குப் பாதுகாப்புத் தருவது நிர்வாகத்தின் கடமை என்கிறது. தவறு செய்தவர் வெளியாள் என்றாலும், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அந்த வெளியாள் மீது குற்ற நடவடிக்கை எடுக்க நிர்வாகம்தான் முன்வர வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியல் சுவரில் இருந்தது. நோயாளி மீதும் புகார் கொடுக்கலாம் என்று ஒருவர்கூட எங்களுக்குச் சொன்னதில்லை.

சுகாதாரத் துறை இதைத் தெளிவாகச் சொல்லி எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அட்மிஷன் போடும்போதே நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் சொல்லிவிட வேண்டும். அப்புறம், புகார் கொடுத்த சிஸ்டரை வேறு வார்டுக்குத் தூக்கிப் போடுகிற வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி.