அம்பு முனை விற்பவர்களுக்கு: உறைமேல் போட்டிருப்பது எந்த எடை?

அமெரிக்காவில் அம்பு முனை செய்கிறவர்களுக்கும், அதை உறையிலிட்டு விற்கிறவர்களுக்கும்,

வணக்கம். லாங்போ, ரிகர்வ் என்று மரபு வில்லோடு பழகும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஏன் தமிழில் என்று கேட்பீர்கள். உங்கள் உறையை வாங்கிப் பிரிக்கும் தமிழரும் படிக்கட்டும் என்றுதான். உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் கிடைப்பார். உறைமேல் இருக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

எங்கள் குறை அந்த எண்ணைப் பற்றியதே. ‘125 கிரெயின்’ என்று பெரிதாக அச்சிடுகிறீர்கள். எதன் எடை அது?

ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம். நம் ஊர்ப் பத்தர்கள் நிறுத்த குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. 7000 கிரெயின் ஒரு பவுண்டு. இவ்வளவு சின்ன அளவில் ஒன்றிரண்டு கூடினால் குறைந்தால் உங்களோடு சண்டைக்கு வர மாட்டோம். இழுக்க 45 பவுண்டு விசை கேட்கும் வில், 450 கிரெயின் அம்பு, நொடிக்கு 170 அடி வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கெஜம் போவதற்குள் அந்த அம்பு சுமார் 2 அடி கீழே இறங்கும். முனை 3 கிரெயின் கூடினால் இந்த இறக்கம் கால் அங்குலம்கூடக் கூடாது. வெறுங்கையால் நாண் இழுப்பவருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது. முனைக்கு முனை அரை கிரெயின் வரை ராவிச் சரிசெய்கிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

வம்பு அடாப்டரில், அதாவது ஒட்டும் வகை முனையைத் தண்டில் திருக உதவும் மரையுள்ள சின்ன உலோகத் துண்டில் இருக்கிறது. கார்பன், அலுமினிய அம்புத்தண்டு வைத்திருப்பவர், அதன் முன்நுனிக்குள் பதித்த மரைக்குழாயில் (இன்சர்ட்) 8-32 அளவு மரையுள்ள பயிற்சி முனையைத் திருகிக்கொள்கிறார். அதில் 125 என்று இருந்தால் 125தான். அதே ஆள் மான் பருவத்துக்கு ஒட்டும் வகை வேட்டை முனை வாங்குகிறார். அதன் உறையிலும் 125. ஆனால் அதை அடாப்டரில் ஒட்டித்தான் தண்டில் திருக முடியும். அலுமினிய அடாப்டர் 42 கிரெயின் அளவுக்கு வரும். எஃகில் 75, 100, 125 என்று விற்கிறீர்கள். ஆக, கையில் இருப்பது 167 கிரெயின். எஃகு என்றால் 200, 225, 250. உறையில் அச்சான எண்ணோ முன்பிருந்த அதே 125.

42 கிரெயின் கூடினால் மேலே சொன்ன அம்பு 20 கெஜத்தில் ஏறக்குறைய 2 அங்குலம் கீழே போகும். அது போகட்டும், கண்ணுக்குத் தெரியும் பிழை. மோசமானது விறைப்பு மாறுவது. முனை கனத்தால் நாணை விடும்போது தண்டு அதிகம் வளையும். அம்புக்காரர்கள் பேச்சில் சொன்னால், ஸ்பைன் தளரும். வலக்கை வில்லாளிக்கு அம்பு வலப்பக்கம் ஒதுங்கும். மரத்தண்டின் ஸ்பைனை, அது எத்தனை பவுண்டு வில்லுக்குப் பொருந்தும் என்று பவுண்டில் சொல்வார்கள். மரத்தண்டுக்காரர்கள் கையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: முனையில் 25 கிரெயின் கூடினால் 5 பவுண்டு ஸ்பைன் தளரும். அப்படிப் பார்த்தால் 42 கிரெயின் 8 பவுண்டு. மரத்தண்டை 45–50, 50–55 என்று ஐந்தைந்தாகப் பிரித்துத்தான் நீங்களே விற்கிறீர்கள். இது ஒரு பிரிவைத் தாண்டி அடுத்ததில் போய் நிற்கிறது. பயிற்சி முனை இருக்கும்வரை பின்னால் உள்ள இறகு இந்தத் தவறை இழுத்து நேராக்கிவிடும். வேட்டை முனையில் நடக்காது. அந்த அகன்ற அலகே முன்பக்கம் கட்டிய சிறகு மாதிரி. சற்றே கோணினால் காற்று அதைப் பிடித்துத் திருப்பிவிடும். ‘பயிற்சியில் நேராகப் போனது, வேட்டை முனை போட்டதும் சிதறுகிறது’ என்ற புலம்பலைக் கேட்டால் வில்லைத் தொடாதீர்கள், தராசை எடுங்கள்.

(இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். வேட்டை முனை பற்றி இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க மாநிலங்களில் உரிமம் எடுத்து, பருவத்தில் போகிறவர்களுக்கு.)

தராசு என்றதும் சமையல்கட்டுத் தராசை எடுத்து வருகிறவர்கள் உண்டு. அதில் ஒரு படி 1 கிராம், அதாவது 15.4 கிரெயின், இந்த வேலைக்கு உதவாது. நகை நிறுக்கும் 0.01 கிராம் தராசு போதும், அதில் ஒரு படி 0.15 கிரெயின். கிராம், காரட், கிரெயின் மூன்றும் ஒரே பொத்தானில் மாறி மாறி வரும் என்பதால் திரையில் எது ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தராசை நம்பலாமா என்று அறிய அமெரிக்க 5 சென்ட் நாணயம் ஒன்று வையுங்கள். புதிதாக இருந்தால் 5 கிராம், 77.2 கிரெயின் காட்ட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள். காற்றுப் பட்டாலே கடைசி இலக்கம் ஆடும்.

நிறுக்கும் வரிசையும் முக்கியம். முதலில் வேட்டை முனையைத் தீட்டுங்கள். அரத்தில் தேய்த்தால் சில கிரெயின் போகும், அதனால் தீட்டுமுன் எடுத்த எடை வீண். பிறகு அடாப்டரில் ஒட்டி, இரண்டையும் சேர்த்து நிறுங்கள். பசைக்கும் எடை உண்டு. கிடைத்த எடைக்குப் பயிற்சி முனையைத் தேடுங்கள், மாறாக அல்ல. 125 வேட்டை முனையும் 75 எஃகு அடாப்டரும் 200 பயிற்சி முனைக்குச் சரியாக வரும். 160 முனையும் 42 அலுமினியமும் 202. அதுவும் 200க்குப் போதுமான அளவு நெருக்கம். இரண்டில் எங்கள் ஓட்டு எஃகுக்கே. கல்லிலோ எலும்பிலோ இடித்தால் அலுமினிய அடாப்டர் வளைந்துவிடுகிறது. 125ஐயும் அலுமினியத்தையும் சேர்த்தவர்தான் திண்டாடுகிறார். 167க்குப் பயிற்சி முனை எங்கே? 160 எடுத்து அடியில் எடை வாஷர் போடலாம், 175 எடுத்துப் பின்விளிம்பை ராவலாம். இரண்டும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை, அதை வாங்குகிறவர் செய்கிறார்.

மரத்தண்டில் அடாப்டர் கிடையாது. 5 பாகைக் கூம்பாகச் சீவிய நுனியில் முனையை நேரே ஒட்டுகிறோம். அங்கே தொல்லை வேறு. கூம்பு நீளம் போதாமல் இருந்தால் தண்டு முனையின் அடியைத் தொடாது. நடுவில் வெற்றிடம் நிற்கும், அதைப் பசை நிரப்பும். எடை கூடும், முனையும் ஆடும். ஒட்டியதும் அம்பை நகத்தின்மேல் நிறுத்திச் சுழற்றுங்கள். நேராக இருந்தால் நகத்தில் ஒன்றும் தெரியாது. கோணலாக இருந்தால் உறுத்தும். அப்போது முனையை மட்டும் சூடாக்கி, பசை இளகியதும் கால் சுற்றுத் திருப்பி, தண்ணீரில் முக்குங்கள். அலகு நீலம் பாரித்தால் சூடு மிஞ்சிவிட்டது, எஃகின் பதம் போய்விட்டது. அந்த முனையைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்று சொல்ல வேண்டும்: பிரித்தெடுக்காத மரத்தண்டுகளுக்குள்ளேயே எடை வித்தியாசம் முனை வித்தியாசத்தைப் பல மடங்கு தாண்டும். தண்டை நிறுக்காமல் முனையை நிறுப்பது வெட்டி வேலை. கனத்த தண்டுக்கு லேசான முனை என்று ஜோடி சேர்த்து மொத்தத்தைச் சமன் செய்வதை 5 கிரெயினோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் ஸ்பைன் கெடும்.

இனி உங்களிடம் கேட்பது. ஒட்டும் வகை வேட்டை முனையின் உறையில் ‘அடாப்டர் எடை சேராது’ என்று அதே எழுத்தளவில் போடுங்கள். எந்த அடாப்டரோடு மொத்தம் எவ்வளவு என்று நாலு எண் கொண்ட சின்னக் கட்டமும் போடுங்கள். அடாப்டரின் உடம்பிலேயே அதன் எடையைப் பொறியுங்கள். உறையை விட்டு வெளியே வந்துவிட்டால் 75ஐயும் 100ஐயும் கண்ணால் பிரிக்க முடிவதில்லை. முனைகளுக்குள் கூடுதல் குறைவு எவ்வளவு வரும் என்றும் எழுதுங்கள். 3 கிரெயின் என்று எழுதினால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஒன்றும் எழுதாமல் விட்டால்தான் சந்தேகம் வருகிறது. மூன்று வேட்டை முனை விற்கும் உறையில், அடாப்டரோடு சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு பயிற்சி முனையையும் போட்டுத் தாருங்கள். தனியாக விலை வைத்தாலும் வாங்குவோம்.

இதெல்லாம் அச்சிட உறையில் இடமில்லை என்று சொல்வீர்கள். முன்பக்கத்தில் இருக்கும் அந்த மான் தலையைக் கொஞ்சம் சின்னதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
மரபு வில் பழகுவோர் சிலர்