மாலை வகுப்பு எடுக்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். உன் நலமறிய ஆவல். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. நீ வேலை பார்க்கும் பட்டறையில் பைண்டிங் கற்றுக்கொடுக்கும் மாலை வகுப்பொன்றைத் தொடங்கி அதை உன் பொறுப்பில் விடப்போகிறார்கள் என்று படித்ததும் அம்மா அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஆனால் கைவலிக்கக் கற்ற நுணுக்கங்களையெல்லாம் வாரத்தில் ஒரு மாலை வந்துபோகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டால் தொழிலில் இருக்கும் நமக்கென்று என்ன மிஞ்சும் என்று உன்னோடு வேலை செய்பவர் ஒருவர் கேட்டதாகவும், அதற்கு உன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமல்ல என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் கேள்விக்கு நீ இப்போது வசிக்கும் லண்டன் நகரத்திலேயே ஒருவர் தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்துப் பதில் சொல்லியிருக்கிறார். டக்ளஸ் காக்கரெல் என்ற பெயரை நீ அங்கே கட்டாயம் கேள்விப்பட்டிருப்பாய். திருவல்லிக்கேணியில் நான் கடை வைத்திருந்த காலத்தில், அவர் 1901-இல் எழுதிய பைண்டிங் கையேட்டை நண்பர் ஒருவர் நகலெடுத்துத் தந்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரவில் கடை சாத்திய பிறகு, பக்கம் பக்கமாக அதைப் படித்தேன். என் கைக்கு வேலை பழக்கியவர் என் குருநாதர். அந்த வேலையை ஏன் அப்படிச் செய்யவேண்டும் என்று எனக்குச் சொன்னவர் நான் கண்ணால் காணாத இந்த மனிதர்.

காக்கரெல் 1870-இல் பிறந்தவர். அவருடைய அண்ணன் சிட்னி காக்கரெல், கலைஞரும் கவிஞருமான வில்லியம் மாரிஸிடம் செயலாளராக இருந்து பின்னாளில் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்கு இயக்குநரானவர். 1893-இல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் காப்டன்-சாண்டர்சன் என்பவர் டவ்ஸ் என்ற பெயரில் பைண்டிங் பட்டறை திறந்தபோது, தம்பி டக்ளஸ் அங்கே தொழில் பழகச் சேர்ந்தார். காப்டன்-சாண்டர்சன் வக்கீலாக இருந்து, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அந்தத் தொழிலை விட்டுவிட்டு பைண்டிங் கற்றவர். நான்கே ஆண்டுகளில் காக்கரெல் தாமே ஆசிரியரானார். கட்டடக் கலைஞர் லெதபியின் முயற்சியில் 1896-இல் தொடங்கிய மத்திய கலை, கைவினைப் பள்ளியில் பைண்டிங் வகுப்பு அவரிடம் வந்தது. பகலில் தொழில் செய்கிறவர்கள் மாலையில் வந்து படிக்கும் பள்ளி அது. உனக்கு அவர்கள் கொடுக்கும் வகுப்பும் அதே மரபில் வருவதுதான் என்பதை நினைத்துக்கொள்.

அன்றைய லண்டன் பட்டறைகளில் பாரம், அதாவது அச்சடித்த தாளை மடித்த கட்டு, அதை மடிப்பதும் தைப்பதும் பெண்களுக்கு, அட்டை கட்டித் தோல் போர்த்துவது ஓர் ஆளுக்கு, தங்க ரேக்கு என்ற மெல்லிய தங்கத் தகடு பதிப்பது வேறோர் ஆளுக்கு என்று வேலை பிரிந்து கிடந்தது. ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரியாது, தெரியவிடுவதும் இல்லை. நம் ஊர்க் கடைகளிலும் நான் இதையே பார்த்திருக்கிறேன். பசையில் மயில்துத்தம் எவ்வளவு போடுவது என்பதைக்கூடப் பையன்களை வெளியே டீ வாங்க அனுப்பிவிட்டுச் செய்த முதலாளிகள் உண்டு. காக்கரெல் அந்தக் கையேட்டில் எதையும் மறைக்கவில்லை. தோலில் முட்டை வெள்ளைக்கருவைத் தடவிக் காயவிட்டு, ரேக்கை வைத்து, சூடான பித்தளை அச்சை அழுத்தும் இடத்தைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கை நடுங்கிற்று. அச்சை முதலில் ஈரத் துணிமேல் வைக்கவேண்டும், அது சீறுகிற வரை சூடு அதிகம், சீறல் அடங்கும் தருணத்தில் எடுத்துப் பதிக்கவேண்டும். என் குருநாதர் என்னை ஆறு வருடம் அருகில் நிற்கவைத்து, வாயால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நானாகக் கண்டுகொள்ளட்டும் என்று விட்டது இதைத்தான். காக்கரெல் அதை முப்பத்தோராம் வயதில் யாரும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும்படி அச்சில் போட்டுவிட்டார்.

அதனால் அவருக்கு நஷ்டம் வந்ததா என்று உன் நண்பர் கேட்கக்கூடும். அவரிடம் படித்த சாங்கோர்ஸ்கியும் சட்க்ளிஃபும் அவருடைய பட்டறையிலேயே வேலை பார்த்து, அங்கே வேலை குறைந்தபோது வெளியேறி, 1901-இல் சொந்தப் பட்டறை போட்டார்கள். கொஞ்ச காலத்தில் ஆசிரியரைவிட ஊரெல்லாம் பேசப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரத்தினக் கற்கள் பதித்து அவர்கள் கட்டிய உமர் கய்யாம் பாடல்களின் பெரிய பிரதி 1912-இல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிய கதை உனக்குத் தெரியும். அவர்களுடைய திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அத்தகைய வேலைக்கு அசாத்தியக் கை வேண்டும். ஆனாலும் என் மனம் சாய்வது ஆசிரியர் பக்கம்தான், ஏனென்றால் அவருடைய கவலை முழுவதும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் ஒரு புத்தகத்தைப் பற்றியதாக இல்லாமல், நூலக அலமாரியில் தினமும் எடுத்துப் புரட்டப்படும் ஆயிரக்கணக்கான சாதாரணப் புத்தகங்களைப் பற்றியதாக இருந்தது.

தோல் விஷயத்தில் அவர் செய்ததை உனக்குச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்வரை வருகிறது. நீ சிறுமியாக இருந்தபோது கடைக்கு வந்தால் என் வேட்டி முழுக்கச் செங்கல் தூள் போலச் சிவப்பாக ஒட்டியிருப்பதைப் பார்த்து, அப்பா, சுவர் இடிக்கிற வேலைக்குப் போனாயா என்று கேட்பாய். பழைய சட்டத் தொகுப்புகளின் தோல் முதுகு அது. விரலால் தொட்டால் மாவாக உதிரும். கீல் இருக்கும் இடத்தில் தோல் அற்று, அட்டை தனியே கையோடு வந்துவிடும். அதைவிட இருநூறு வருடம் பழைய புத்தகத்தின் தோல் உறுதியாக இருக்க, எண்பது தொண்ணூறு வருடத்துத் தோல் ஏன் இப்படி உதிர்கிறது என்பது எனக்கு நெடுநாள் புரியாமலிருந்தது. இதே கேள்வியைத்தான் லண்டன் நூலகர்கள் கேட்டார்கள். 1900-இல் அங்குள்ள கலைகள் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. தோல் வேதியியல் அறிந்தவர்களும் நூலகர்களும் அமர்ந்த அந்தக் குழுவில் பைண்டர் என்ற முறையில் காக்கரெல் இருந்தார். 1905-இல் முழு அறிக்கை வந்தது. சாயம் ஏற்றும்போது கந்தக அமிலம் சேர்ப்பது, அறைகளில் எரியும் வாயு விளக்கின் புகை, ஆட்டுத்தோலை மிகவும் மெல்லியதாகச் சீவுவது, மட்டத் தோலில் நல்ல தோலின் மேற்பரப்பில் இருக்கும் மணிமணியான கோலத்தைப் பொய்யாக அழுத்தி உயர்ந்த தோலாக விற்பது என்று ஒவ்வொன்றாக அதில் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றிலும் சீக்கிரம் கெட்டுப்போகும் தோல்களில் ஒன்றாக அவர்கள் கண்டது இந்தியாவிலிருந்து அரைப்பதனிட்டுக் கப்பலேறிய ஆட்டுத்தோலை.

அந்தத் தோல் சென்னை மாகாணத்திலிருந்து போனது. அதைப் பதனிட்டது ஆவாரம்பட்டையில். நம் வயல்வரப்பில் மஞ்சளாகப் பூக்கும் அதே ஆவாரைதான். செருப்புக்கும் பைக்கும் அந்தத் தோலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஆவாரம்பட்டையின் துவர்ப்பு, காற்றில் கலந்த கந்தகப் புகையை மெல்ல உறிஞ்சி அமிலமாக்கிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. அசையாமல் அலமாரியில் இருக்கும் புத்தகத்தில் அந்த அமிலம் தோலின் நாரை ஆண்டுக்கணக்கில் அரிக்கும். சிசிலியிலிருந்து வரும் சுமாக் என்ற செடியின் இலையில் பதனிட்ட தோல் அவ்வளவாக அரிபடுவதில்லை. நம் கடுக்காயின் துவர்ப்பும் அந்த நல்ல வகையைச் சேர்ந்ததுதான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தொட்டிக்குள் இறங்கி நின்று தோலை மிதித்தவர்கள் அது எங்கே போகிறது, எதற்கு ஆகிறது என்று அறிந்திருக்க வழியில்லை. லண்டன் வியாபாரிக்கு மலிவான சரக்கு கிடைத்தது. அறிந்து சொல்லவேண்டிய இடத்தில் இருந்தவர் பைண்டர். வாடிக்கையாளருக்குக் கடையில் காட்டும்போது பளபளக்கும் தோல் முப்பது வருடத்தில் உதிரும் என்பதைத் தன் தொழிலுக்கே எதிராகப் பொதுவில் சொல்ல ஒருவர் முன்வந்தாரே, அதைத்தான் நான் ஆசிரியனுக்குரிய முதல் தகுதியாக எண்ணுகிறேன். உன் மாணவர்கள் கையில் ஒரு தோலைக் கொடுக்கும் முன்பு அது எந்தத் துவர்ப்பில் பதனிட்டது என்று சொல்லிவிட்டுக் கொடு.

பிறகு அவர் பல ஆண்டுகள் ஒரு பெரிய நிறுவனத்தின் பைண்டிங் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தார். 1924-இல் தம் மகனோடு சேர்ந்து லெட்ச்வொர்த்தில் சொந்தப் பட்டறை அமைத்தார். சைனாய் மலை மடத்தில் இருந்து ரஷ்யாவுக்குப் போயிருந்த நான்காம் நூற்றாண்டு விவிலியச் சுவடியை 1933-இல் சோவியத் அரசிடமிருந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பாதிக்கும் மேலான தொகை பொதுமக்கள் கொடுத்தது. அதைக் கட்டும் வேலை 1935-இல் காக்கரெலிடம் வந்தது. 347 தாள்கள், எல்லாம் பதப்படுத்திய விலங்குத்தோல்; ஈரம் பட்டால் விரிந்து, வறண்டால் சுருங்கி, தன் இஷ்டத்துக்கு அலையாக எழும். அப்படிப்பட்ட தாளின் முதுகில் பசையை அப்பினால் அது திறக்காது, திறந்தால் கிழியும். அவர் புதுக் கட்டுக்கு முன்னால் பழைய தையல் துளைகளைப் பார்த்து, இது முன்பு எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று படித்து எழுதி வைத்தார். 1938-இல் அந்தச் சுவடியைப் பற்றி வந்த ஆய்வு நூலில் அது அச்சாயிற்று. தனக்கு முன்னால் கட்டியவன் யார் என்று பெயர் தெரியாதபோதும் அவனுடைய கையை மதித்துப் படிப்பது எத்தனை பைண்டர்களுக்கு வரும்? நம் ஊரில் பழைய புத்தகம் வந்தால் முதல் வேலையாகக் கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் வெட்டுகிறோம். ஓரத்தில் தாத்தா பென்சிலால் எழுதிய குறிப்பு குப்பைக்கூடைக்குப் போகிறது.

இப்போது உன் நண்பரின் கேள்விக்கு நேராக வருகிறேன். காக்கரெலின் பட்டறையில் 1935-இல் சேர்ந்து பங்குதாரரானவர் ரோஜர் பவல். அவர்தான் 1953-இல் அயர்லாந்தின் கெல்ஸ் சுவடி என்ற, ஓவியங்கள் நிறைந்த பழைய விவிலியச் சுவடியைப் பிரித்து நான்கு தொகுதிகளாகக் கட்டியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு பைண்டர் அதன் ஓரங்களை வெட்டி முலாம் பூசியதில் ஓவியங்களின் விளிம்பே போயிருந்தது. பவலோடு சேர்ந்து வேலை செய்தவர் பீட்டர் வாட்டர்ஸ். 1966 நவம்பர் 4-ஆம் தேதி ஃபிளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருகி தேசிய நூலகத்தின் புத்தகங்கள் சேற்றில் கிடந்தபோது, அவற்றைக் கழுவி உலர்த்திக் கட்டும் வேலையை முன்னின்று நடத்தியவர் அந்த வாட்டர்ஸ். பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய் அங்கும் ஒரு தலைமுறையைப் பழக்கினார். 1945-இல் காக்கரெல் இறந்துவிட்டார். வெள்ளத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சேற்றில் இறங்கிய கைகளுக்கு அவர் வகுப்பறை வழியாகவே வேலை வந்து சேர்ந்திருந்தது.

அவருடைய குருவான காப்டன்-சாண்டர்சனோ, பின்னாளில் தாம் நடத்திய அச்சகத்துக்காக உருவாக்கிய அச்செழுத்துகள் அதில் கூட்டாளியாக இருந்தவரின் கைக்குப் போகக்கூடாது என்று 1916-லும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் இரவு இரவாக ஹாமர்ஸ்மித் பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றில் கொட்டினார். பெரிய கலைஞர், அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. எனினும் அந்த எழுத்துகளைத் தேடி 2014-இல் முக்குளிப்பவர்கள் ஆற்றுச் சேற்றில் இறங்கவேண்டியிருந்தது. நூற்றைம்பது எழுத்துகள்தாம் கிடைத்தன. காக்கரெல் மாணவருக்குச் சொல்லிவைத்ததை இப்படிச் சேற்றில் தேடவேண்டிய நிலை வரவில்லை. உன் நண்பரிடம் இவ்விரண்டு பேரின் கதையையும் அடுத்தடுத்துச் சொல். நீ தனியாக வாதாட வேண்டியதில்லை.

வகுப்பைப் பற்றி ஒன்றிரண்டு சொல்கிறேன். முதல் மாலையே வெள்ளைத்தாளைக் கொடுத்து நோட்டுப் புத்தகம் தைக்கச் சொல்லாதே. எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். விலைக்குப் போகாத, நூலால் தைத்த பழைய புத்தகம் ஆளுக்கொன்று கொடுத்து, தாளில் கத்தி படாமல் பிரிக்கச் சொல். பசையை ஈரத்தால் இளக்கி, நூலை ஒவ்வொரு பாரத்தின் நடுவிலும் அறுத்து, பாரங்களை வரிசை மாறாமல் அடுக்கட்டும். முந்தைய பைண்டர் எங்கே சோம்பினார், எங்கே அக்கறையோடு முடிச்சுப் போட்டார் என்பது தானாகத் தெரியும். நாம் கட்டுவதையும் ஒருநாள் ஒருவர் இவ்வாறு பிரிக்கப்போகிறார் என்ற நினைப்பு அந்த மாலையிலேயே அவர்கள் விரலில் ஏறிவிடவேண்டும். தங்க ரேக்கை ஆறு மாதத்துக்குக் காட்டாதே. கேட்பார்கள், இருந்தாலும் காட்டாதே.

பசை அளவு கேட்டிருந்தாய். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டி தட்டாமல் குளிர்ந்த நீரில் கரைத்து, சிறுதீயில் கிண்டிக்கொண்டே இருந்து, நிறம் வெள்ளையிலிருந்து கண்ணாடி போல மாறியதும் இறக்கவேண்டும். நம் கடையில் மயில்துத்தம் சேர்த்தது பூச்சிக்காக; உன் வேலைக்கு அது வேண்டாம், தாளுக்கும் தோலுக்கும் ஆகாது. அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றன்றைக்கே தீர்த்துவிடு. இதை வகுப்பில் எல்லோருக்கும் எழுதிப் போட்டுவிடு. சுமாக்கில் பதனிட்ட ஆட்டுத்தோல் துண்டு கிடைத்தால், கை அகலம் போதும், அடுத்த முறை வரும்போது கொண்டுவா. தெருவில் பைண்டிங் பழகும் இரண்டு பையன்கள் ஞாயிறுதோறும் வருகிறார்கள், அவர்களுக்குக் காட்டவேண்டும்.

அன்புடன்,
அப்பா