நகர வரைபடம் மக்களுக்குப் புரிகிறதா?

ஆசிரியருக்கு,

சென்னைப் பெருநகரின் வளர்ச்சியை வழிநடத்தும் மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கு (2027-2046) மக்களிடம் கருத்து கேட்பது பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். கருத்து கேட்பது சரி, ஆனால் கருத்து சொல்ல வேண்டியவருக்குத் திட்ட வரைபடம் புரிய வேண்டாமா? நகரமைப்பு மாணவர்களுக்கு ஜிஐஎஸ் (கணினியில் வரைபடம் தயாரிக்கும் முறை), நிலப் பயன்பாட்டு விதிகள், போக்குவரத்துக் கணக்கு எல்லாம் சொல்லித் தருகிறோம். மஞ்சள் என்றால் குடியிருப்பு, ஊதா என்றால் தொழிற்சாலை என்று அவர்களுக்குள் புழங்கும் நிறக்கணக்கைத் தெருவில் நிற்பவருக்கு எப்படிக் காட்டுவது என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். படம் போடுவது வேறு, படத்தால் பேசுவது வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சுவரளவு வரைபடம் ஒன்றை மாட்டியிருந்தார்கள், முழுக்கச் சர்வே எண்கள், குறிப்பெல்லாம் ஆங்கிலம். "எங்க ஏரி இதுல எங்கேப்பா?" என்று ஒரு பாட்டி கேட்டார், பதில் சொல்ல ஆளில்லை. அப்புறம் பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருவர் ரேஷன் கடை, மாரியம்மன் கோயில், பேருந்து நிறுத்தம், ஏரிக்கரை நான்கையும் ஒரு சார்ட் தாளில் வரைந்து காட்டியதும்தான், புதிய சாலை வாய்க்காலை அடைக்கும் என்பதையே மக்கள் கண்டுபிடித்துப் பேசத் தொடங்கினார்கள். எனவே படத்தால் புரியவைக்கும் கலையான காட்சித் தொடர்பை நகரமைப்புப் படிப்பில் கட்டாயப் பாடமாக்குங்கள். மாணவரின் இறுதி மதிப்பீட்டுக் குழுவில், அவர் வரைந்த பகுதியில் வசிப்பவர்கள் இரண்டு பேரையாவது உட்காரவைத்து, தமிழ்க் குறிப்புள்ள அவரது படத்தில் தங்கள் தெருவை அவர்களால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடலாம்.

– வாசகர், செங்கல்பட்டு