சிறிய சர்வருக்கு ஆப்கோட் கேஷ் வீண் சுமையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கணினிப் பகுதியில், லைட்டிபிடி (இணையப் பக்கங்களை அனுப்பித் தரும் சிறிய சர்வர் மென்பொருள்) போன்ற எளிய சர்வர்களுக்கு, மொழிபெயர்த்த நிரலைச் சேமித்து வைக்கும் ஆப்கோட் கேஷ் வீண் சுமை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. எதிர்ப்பக்கத்தில் பெரிய சர்வர்களை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் முழுப்பக்க விளம்பரம் இருந்தது தற்செயல்தான் என்று நம்புகிறேன்.

இணையப் பக்கங்களை உருவாக்கும் நிரல்மொழியான பிஎச்பி, கேஷ் இல்லாவிட்டால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கோப்புகளைப் புதிதாகப் படித்து, தான் இயக்கக்கூடிய கட்டளைகளான ஆப்கோடாக மாற்றிய பிறகே இயக்குகிறது என்பதும், அந்த ஆப்கோடைப் பல செயல்முறைகள் பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்வு நினைவகத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த கோரிக்கைக்கு அவ்வளவு உழைப்பும் மிச்சம் என்பதும் தாங்கள் அறியாததல்ல. அந்த மிச்சம் யாருக்கு அதிகம் தேவை, இளைத்த சர்வருக்கா, கொழுத்ததற்கா? எக்ஸ்கேஷ் என்ற ஆப்கோட் கேஷே லைட்டிபிடி வட்டாரத்தில் உருவானதுதான். 2013-இல் வந்த 5.5 பதிப்பு முதல் ஆப்கேஷ் என்ற இன்னொரு ஆப்கோட் கேஷ் பிஎச்பியுடனேயே தரப்படுகிறது.

எங்கள் ஊர் நூலகத்தின் பட்டியல் 512 எம்பி நினைவகம் கொண்ட சர்வரில் ஓடுகிறது. நினைவகம் அங்கே வீணானது கேஷால் அல்ல. லைட்டிபிடியைப் பிஎச்பியுடன் இணைக்கும் ஃபாஸ்ட்சிஜிஐ அமைப்பில், எத்தனை தாய்ச் செயல்முறைகள் என்று சொல்லும் மேக்ஸ்-ப்ராக்ஸ் மதிப்பு 4 என்றிருந்தால் பிஎச்பியின் நான்கு தாய்ச் செயல்முறைகள் எழுந்து, ஒவ்வொன்றும் தனித்தனி கேஷ் வைத்துக்கொள்ளும். ஒரே கோப்பு நான்கு இடங்களில் குடியிருக்கும். அதை 1 ஆக்கி, சேய்ச் செயல்முறைகளின் எண்ணிக்கையைக் கூட்டியதும் எல்லாம் ஒரே கேஷைப் பகிர்ந்துகொண்டன, பக்கங்களும் தயங்காமல் வந்தன. உங்கள் கட்டுரையாளர் இந்த அமைப்புக் கோப்பைத் திறந்தாவது பார்த்தாரா?

இது முதல் முறையும் அல்ல. முன்பொரு கட்டுரை, வேகத்துக்காக, கோப்பு மாறியிருக்கிறதா என்று கேஷ் பார்க்கும் நேரச் சரிபார்ப்பை நிறுத்திவிடச் சொன்னது. நிறுத்தினால் கோப்பை மாற்றும்போதெல்லாம் பிஎச்பியை மறுதொடக்கம் செய்யவோ, சர்வர் வழியாகக் கேஷைத் துடைக்கவோ வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதை நம்பிய அண்டை ஊர் நண்பரின் தளம் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. கட்டளை வரியிலிருந்து கேஷைத் துடைத்துப் பார்த்தார். கட்டளை வரியும் சர்வரும் தனித்தனி கேஷ் கொண்ட வெவ்வேறு செயல்முறைகள் என்பதால் பயனில்லை. அதே கட்டுரையில் அச்சான அமைப்பு வரிகளில் மேற்கோள் குறிகள் அழகாக வளைந்திருந்தன. நேரான குறிகளை மட்டுமே ஏற்கும் லைட்டிபிடிக்கு அந்த அழகை ரசிக்கத் தெரியாது. இதையெல்லாம் எழுதி அனுப்பிய கடிதம் தங்களுக்குக் கிடைக்கவில்லை போலும், கிடைத்திருந்தால் வெளியிட்டிருப்பீர்கள்.

அடுத்த இதழில் மேக்ஸ்-ப்ராக்ஸ் பற்றி இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். மேற்கோள் குறிகளை நேராக அச்சிட முடிந்தால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
ஊர் நூலக இணையதளப் பொறுப்பாளர் ஒருவர்