ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தவன் எழுதுவது

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழிலாளர்களின் முதுகுவலி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எப்படி உட்கார வேண்டும், எப்படிக் குனிந்து தூக்க வேண்டும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் மூன்று மாதம் தாண்டியும் விடாத வலிக்கு அது பாதி பதில்கூட இல்லை. பேக்கிங் பிரிவில் பதினோரு வருஷம் நின்று வேலை பார்த்தவன், அதில் இரண்டு வருஷம் முதுகுவலியோடு குடும்பம் நடத்தியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஸ்கேன் எடுத்துவிட்டு 'டிஸ்க் பிதுங்கியிருக்கு' என்றார்கள், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டைத்தான் சொன்னார்கள். அதற்கு முந்தைய நாள்வரை வலியோடுதான் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன், அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் கீழே விழுந்த பேனாவை எடுக்கவே பயம். மேசையைப் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு எடுப்பேன். உடம்பை அப்படி விறைப்பாகவே வைத்திருந்ததில் வலி கூடியதுதான் மிச்சம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டிருக்கிறார்கள். 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு இந்தப் பிதுக்கம் இருக்கிறது, 80 வயதில் 84 சதவீதம். இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம். (சிறுநீர் கட்டுப்பாடு போவது, கால் வலுவிழப்பது, காய்ச்சல் என்றால் கதை வேறு, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.)

அதைவிடப் படுத்தியது வேலை இடம். "நிஜமாவே வலிக்குதா, இல்ல லீவு வேணுமா?" என்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அன்றிலிருந்து ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் அடையாள அட்டை மாதிரி வைத்துக்கொண்டேன். ஒரு நாள் வலி குறைந்து கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன், "நல்லாத்தானே நடக்கிறான்" என்று பின்னால் ஒரு குரல். மறுநாள் முதல் கேட்டுக்குள் நுழைந்ததுமே சாய்ந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். நடிப்பு என்றால் நடிப்புதான், ஆனால் வலி நடிப்பில்லை. நிமிர்ந்தால் பொய்யன் என்கிற இடத்தில் ஒருத்தன் எந்தத் தைரியத்தில் குணமாவான்?

அமெரிக்காவில் விமானம் தயாரிக்கும் போயிங் கம்பெனியின் ஊழியர்கள் 3,020 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1991-ல் வந்தது. தன் வேலை அநேகமாகப் பிடிப்பதே இல்லை என்றவர்கள், அநேகமாக எப்போதும் பிடிக்கும் என்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக முதுகில் அடி என்று புகார் கொடுத்திருக்கிறார்கள். உடனே 'பார், எல்லாம் மனசுதான்' என்று நிர்வாகங்கள் கிளம்ப வேண்டாம். வேலை ஏன் பிடிக்காமல் போகிறது என்று யாராவது கேட்டார்களா? லைன் ஓடும் வேகம் நம் கையில் இல்லை, ஒரு நிமிஷம் முதுகை நிமிர்த்தவும் இன்னொருவர் தலையாட்ட வேண்டும், வேலை போய்விடுமோ என்று இரவெல்லாம் தூக்கம் வேறு கெடும். தூக்கமில்லாத உடம்புக்கு அதே வலி இரண்டு மடங்காகத் தெரியும், பட்டவனுக்குத் தெரியும்.

எனக்கு வழி பிறந்தது ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கொடுத்த ஒரு பெண்மணியால். "குனிங்க, உடைய மாட்டீங்க" என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிய வைத்தார். அப்புறம் மாறி வந்த சூப்பர்வைசர், "அரை நாள் வாங்க, லேபிள் ஒட்டுங்க, முடியலன்னா சொல்லுங்க" என்றார். ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன், அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. முழு ஷிப்டுக்குத் திரும்ப நாலு மாதம் ஆனது. இப்போதும் சில நாள் வலிக்கும், வலியோடு குனிவேன்.

அடுத்த கட்டுரைக்கு எலும்பு டாக்டரோடு ஒரு சூப்பர்வைசரையும் பேட்டி எடுங்கள் ஐயா. முதுகுவலியில் லீவில் இருக்கும் ஆளுக்கு முதல் வாரத்தில் போன் செய்தீர்களா, என்ன கேட்டீர்கள் என்று மட்டும் கேளுங்கள். எனக்கு வந்தது ஒரே போன், மெடிக்கல் சர்டிஃபிகேட் எப்போது தருவீர்கள் என்று.

இப்படிக்கு,
ஒரு பேக்கிங் தொழிலாளி