பிறரன்பு இறையன்புக்கு மாற்று அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

'ஏழைக்கு உதவினால் போதும், கோயிலும் செபமும் எதற்கு? இயேசு சொன்னது அவ்வளவுதான்' என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பூசைக்குத் தவறாமல் போய்க்கொண்டே வாசலில் நிற்பவரைக் கண்டுகொள்ளாதவர்கள் மீது அவருக்குள்ள கோபம் நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் தீர்வு கத்தோலிக்கப் போதனை அல்ல.

மத்தேயு 22-இல் இயேசுவிடம் கேட்கப்பட்டது தலைசிறந்த கட்டளை எது என்பதே. கடவுளை முழு இதயத்தோடு அன்பு செய் என்ற இணைச்சட்டம் 6:5-ஐ அவர் சொல்லிவிட்டு, உன்னைப் போலப் பிறரையும் அன்பு செய் என்ற லேவியர் 19:18-ஐயும் கேட்காமலேயே சேர்த்தார். இரண்டாவதை முதலாவதற்கு இணையானது என்றாரே தவிர, முதலாவதை எடுத்துவிடவில்லை. பத்துக் கட்டளைகளிலும், கத்தோலிக்க வரிசைப்படி, முதல் 3 கடவுளைப் பற்றியவை. மற்ற 7 பிறரைப் பற்றியவை.

அப்படியானால் இவை இரண்டு தனித்தனி அன்புகளா என்றால், இல்லை என்கிறார் இடைக்கால இறையியல் அறிஞர் புனித தாமஸ் அக்குவினாஸ். கடவுளை அன்பு செய்வதும், கடவுளை முன்னிட்டுப் பிறரை அன்பு செய்வதும் ஒரே வகைச் செயல் என்பது அவர் விளக்கம். திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துத் தரும் மறைக்கல்வி நூலும் (எண் 1822) இதையே கூறுகிறது. இது வெறும் தத்துவம் அல்ல. மனத்துக்குப் பிடித்தவர்களுக்கு உதவ யாராலும் முடியும். பிடிக்காதவரையும் முன்பின் அறியாதவரையும் அன்பு செய்யும் வலிமை கடவுளோடு உள்ள உறவிலிருந்து வருகிறது என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் திருச்சபைக்கு எழுதிய தமது முதல் போதனைக் கடிதமான சுற்றுமடலில் (2005, எண் 18) எழுதினார். பிறரைப் புறக்கணித்துப் பக்தியை மட்டும் பேணினால் அந்த உறவே வறண்டுபோகும் என்றும் அங்கேயே எச்சரிக்கிறார்.

மத்தேயு 5:23-24 இதற்கு நடைமுறை வரிசையே தருகிறது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போக வேண்டும். முதலில் சகோதரரோடு ஒப்புரவாக வேண்டும். பிறகு வந்து காணிக்கையைச் செலுத்த வேண்டும். நமக்கு யார்மேல் வருத்தம் என்பது அங்கே பேச்சே இல்லை. நம்மேல் யாருக்கு மனத்தாங்கல் என்பதுதான் கேள்வி. பக்திமான்கள் நடுப்படியை விட்டுவிடுகிறார்கள். அந்த வாசகரைப் போன்றவர்கள் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள்.

நடைமுறையில் அதிகம் தவறுவது நீதியில்தான். வேலையாளுக்குரிய கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சப்பட்டதில் அன்னதானம் செய்பவர் பிறரன்பில் சிறந்தவர் ஆகமாட்டார். நீதிப்படி கொடுக்க வேண்டியதை அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினர் (குருக்களோ துறவியரோ அல்லாத விசுவாசிகள்) பற்றிய 1965-ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் (எண் 8) தெளிவாகச் சொல்லியிருக்கிறது. திருடியதற்கும் இதுவே முறை. ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டால் மட்டும் கணக்கு தீராது. பொருளை உரியவரிடம் திருப்பித் தரவும் வேண்டும். உண்டியலில் போடுவது அதற்கு ஈடாகாது. உதவியை மதம் மாற்றும் கருவியாகப் பயன்படுத்துவது இன்னொரு தவறு. அன்பு இலவசமானது, வேறு நோக்கத்துக்காகச் செய்யப்படுவதல்ல என்று பெனடிக்டின் அதே சுற்றுமடல் (எண் 31) கூறுகிறது.

வழிபாடும் உதவியும் தொடக்கத்திலிருந்தே ஒட்டியே இருந்தன. இரண்டாம் நூற்றாண்டில் புனித ஜஸ்டின் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கையில், வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுப்பார்கள் என்றும், தலைமை தாங்குபவர் அதைக்கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோரைக் கவனிப்பார் என்றும் எழுதியிருக்கிறார். அப்பம் பகிர்ந்த அதே கூட்டத்தில்தான் இந்த வசூலும் நடந்தது.

ஞாயிறு திருப்பலியில், அதாவது பூசையில், பங்கேற்கும் கடமை பிறரன்புக்குக் குறுக்கே நிற்கிறது என்பதும் சரியல்ல. நோயுற்றோருக்கும், கைக்குழந்தையைப் பராமரிப்பவருக்கும் அந்தக் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்கிறது மறைக்கல்வி நூல் (எண் 2181). நன்கொடை கொடுத்துவிட்டேன் என்பவருக்கு அந்த விலக்கு கிடையாது.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்